நரம்புப் பரிசோதனையில் நடப்பது என்ன?



பரிசோதனை அறைக்கு வெளியே காத்திருப்போருடன் நாங்கள் உட்காருவதுண்டு. தையல் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர், "கரண்ட் வைக்கப் போகிறார்களாம், ஐயா. என் புத்தி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கலங்கினார். சுண்டுவிரல் மரத்து, கையில் பிடித்த துணி நழுவுகிறது என்று வந்தவர் அவர். மனநோய்க்குக் கொடுக்கும் மின்சிகிச்சை என்று எண்ணி, வீட்டுக்குத் திரும்ப எழுந்துவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்குத் துணையாக வரும் உங்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இது சிகிச்சை அல்ல, பரிசோதனை. பெரும்பாலும் இரண்டு பகுதிகளாக நடைபெறும்.

முதலாவது, நரம்பின் வேகத்தை அளப்பது. தோலின்மேல் சிறு தகடுகளை ஒட்டி, நரம்புக்கு மின்துடிப்பைக் கொடுப்பார்கள். சுரீரென்று இருக்கும், விரல் தானாகத் துள்ளும், உடனே நின்றுவிடும். ஆரோக்கியமான கை நரம்பில் செய்தி வினாடிக்குச் சுமார் 50 மீட்டரோ அதற்கு மேலோ ஓடும். முழங்கையருகே நரம்பு நசுங்கியிருந்தால் அவ்விடத்தில் வேகம் குறையலாம்.

இரண்டாவது, தசையைச் சோதிப்பது. மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்துவார்கள். குத்தும் வலி உண்டு. ஆனால் அந்த ஊசி வழியாக மின்சாரமும் செல்வதில்லை, மருந்தும் செல்வதில்லை. தசையில் உண்டாகும் மின்குறிகளை அது பதிவு செய்கிறது. ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்பது நோயாளியின் தசை எழுப்பும் சத்தமே. பிறகு ஓரிரு நாள் அவ்விடம் வலிக்கலாம்.

வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. குளித்து, எண்ணெய் தடவாமல் வரவேண்டும். வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட வேண்டும். கை குளிர்ந்திருந்தால் வேகம் குறைவாகக் காட்டும் என்பதால் சூடுபடுத்துவார்கள். பேஸ்மேக்கர் பொருத்தியிருப்போரும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுவோரும் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பரிசோதனைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை, சிலருக்குக் கூடுதலாகவும், ஆகும்.

முடிவு சரியாக இருந்தால் நோயே இல்லை என்று பொருளல்ல. மிக நுண்ணிய நரம்புகளின் பழுது இதில் தெரியாது. நோயாளி சொல்வதையும் சேர்த்தே மருத்துவர் தீர்மானிப்பார்.

அந்தத் தையற்காரர் இவற்றைக் கேட்டபின் உள்ளே சென்றார். முழங்கையில் நரம்பு நசுங்கியிருந்தது தெரிந்தது. நெடுநாள் விட்டிருந்தால் கைத்தசை மெலிந்து, பழைய பலம் திரும்பாமலே போயிருக்கலாம். அந்தக் கைதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

ஆகவே, துணைக்கு வரும்போது "வலிக்கவே வலிக்காது" என்று தேற்றாதீர்கள். முதல் ஊசியிலேயே உங்கள் வார்த்தை பொய்யாகிவிடும். உள்ளதைச் சொல்லுங்கள், முடியும்வரை கூடவே இருங்கள்.