அடர்ந்த காட்டில் திசையறிதல்

முன்னுரை

நடக்கத் தெரிந்த எவர்க்கும் நேராக நடக்கத் தெரியும் என்று நாம் எண்ணுகிறோம். ஆராய்ச்சி அதை மறுக்கிறது. ஜெர்மனி நாட்டு டூபிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலைய அறிஞர்கள் 2009-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பீன்வால்ட் என்னும் காட்டில் சிலரை விட்டு ஒரே திசையில் நடக்கச் சொன்னார்கள். கதிரவன் தெரிந்த வேளையில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகச் சென்றனர். வானம் மூடியிருந்தபோது நடந்தவர்களோ வட்டமிட்டனர். தாம் முன்னர் கடந்த வழியையே மீண்டும் கடந்தும் அதை உணரவில்லை. படைவீரர்க்குத் திசையறி தேர்வு ஏன் கடினமானது என்பது இதனால் விளங்கும்.

தேர்வின் இயல்பு

அமெரிக்கத் தரைப்படையின் சிறப்புப் படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை 1988-இல் தொடங்கியது. வட கரோலினாவில் மெக்கால் முகாமை ஒட்டிய பைன் காடுகளில் அது நடைபெறுகிறது. விடியுமுன் இருளில், முதுகில் சுமையோடு, ஒவ்வொருவரும் தனியே புறப்பட வேண்டும். செயற்கைக்கோள் கருவிக்கு இடமில்லை. சாலையில் நடக்கக் கூடாது. பிறரோடு பேசக் கூடாது. குறித்த நேரத்துக்குள் குறித்த இடங்களை அடையாதவர் வீடு திரும்ப வேண்டியதுதான்.

மூன்று துணைகள்

முதலாவது நிலப்படம். 1:50,000 அளவுப் படத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது.

இரண்டாவது திசைகாட்டி. அதன் ஊசி காட்டுவது காந்த வடக்கு. அது உண்மை வடக்கு அன்று. வட கரோலினாவின் அப்பகுதியில் ஊசி ஏறத்தாழ 9 பாகை மேற்கே விலகி நிற்கிறது. ஆகவே உண்மை வடக்கிலிருந்து அளந்த கோணத்தோடு அவ்வேறுபாட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மறந்தால், ஒரு கிலோமீட்டர் நடந்து முடிக்கையில் 150 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்போம்.

மூன்றாவது காலடிக் கணக்கு. இடக்கால் ஊன்றுவதை மட்டும் எண்ணினால், சமதரையில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 70 வரும். மேட்டிலும் புதரிலும் இருளிலும் அடி சுருங்குவதால் எண்ணிக்கை பெருகும். ஒவ்வொருவரும் தம் கணக்கைப் பயிற்சியில் அறிந்திருத்தல் வேண்டும்.

காடு தரும் இடர்

அங்கே ஓடைகளின் இருபுறமும் சேறும் முட்கொடியும் பின்னிக் கிடக்கின்றன. வீரன் அறியாமலே சற்று ஒதுங்குகிறான். ஒவ்வொரு மரத்துக்கும் ஒதுங்கி ஒதுங்கிக் கோட்டைவிட்டு விலகுகிறான். தேர்ந்தவன் தடையைக் கண்டால் 90 பாகை திரும்பி, அடிகளை எண்ணி ஒதுங்குவான். தடையைக் கடந்தபின் அத்தனை அடிகள் எதிர்ப்புறம் வந்து பழைய கோட்டைப் பிடிப்பான்.

இதனினும் பெரிய இடர் மனத்தில் உள்ளது. தேடிய இடம் தென்படாதபோது, எதிரே உள்ள மேட்டையே படத்திலுள்ள மேடு என்று நம்பத் தோன்றும். ஓடை கிழக்கே இருக்க வேண்டும், மேற்கே இருக்கிறது. ‘படம் பழையது’ என்று மனம் சமாதானம் சொல்லும். களைப்பு மிகுந்த நேரத்தில் இச்சமாதானம் இனிக்கும். அதற்கு இணங்கியவன் மேன்மேலும் தொலைந்து போகிறான். இதற்கு மருந்து ஒன்றே: ஐயமின்றித் தெரிந்த கடைசி இடத்துக்கு, சாலைச் சந்திப்புக்கோ ஓடைகள் கூடும் இடத்துக்கோ, திரும்பிச் சென்று மீண்டும் அளந்து புறப்படுவது. நேரம் கரையும்போது திரும்பி நடக்க மிகுந்த மனவுறுதி வேண்டும்.

முடிவுரை

போர்க்களத்தில் தான் நிற்கும் இடத்தைத் தவறாகச் சொல்லும் வீரன், தன் பக்கத்துப் பீரங்கிக் குண்டைத் தன் தோழர்மீதே விழச் செய்யக்கூடும். அதனாலேயே இத்தேர்வில் தளர்வு காட்டுவதில்லை.

நம் தேசிய மாணவர் படை நண்பர்களும் நிலப்படப் பயிற்சி பெறுகின்றனர். கோணத்தைக் கணக்கிடுவது ஒரு நாளில் வந்துவிடும். கருவியும் விருப்பமும் முரண்படும்போது கருவியின் பக்கம் நிற்பதற்கே நீண்ட பழக்கம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது அளவைத் திருத்த நினைக்கும் மாணவர்க்கும் இப்பாடம் பொருந்தும் அன்றோ?