கோடை இரவுகளில் கூத்து

பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டதும் மயூர் விஹாரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் சென்னை செல்லும் தொடர்வண்டியில் ஏறிவிடுகின்றன. அவர்கள் ஊர் சென்று சேரும் அதே நாள்களில் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் சிற்றூர்களில் பாரதக் கூத்து இரவுதோறும் நடந்துகொண்டிருக்கும். பங்குனியில் தொடங்கி ஆனி வரை நீளும் இப்பருவமே கூத்துக் குழுக்களின் ஆண்டு வருவாய்க்கு அடிப்படை.

கோடையில் ஏன்? அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும். மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஊரார் வரி கொடுக்கக் கையில் பணமும் இருக்கும். திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். பகலில் கேட்ட கதையையே இரவில் கூத்தர் ஆடிக் காட்டுவர். விழாவின் நாள்கணக்கு ஊருக்கு ஊர் வேறுபடும். அருச்சுனன் தவசு அன்று, அருச்சுனன் வேடமிட்டவர் உயர்ந்த தவசு மரத்தின் உச்சிவரை பாடிக்கொண்டே ஏறுவார். இறுதி நாளன்று திறந்தவெளியில் மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் உருவம் அமைப்பர். படுகளம் எனப்படும் அக்காட்சி பட்டப்பகலில் நிகழும். அது முடிந்தபின் மாலையில் தீமிதி.

மேலைநாட்டாரின் ‘ஓபரா’வைப் போலவே இதுவும் பாட்டால் இயங்கும் நாடகம். இத்தாலியின் வெரோனா நகரில், பழைய உரோமானியத் திறந்தவெளி அரங்கில், 1913 முதல் கோடை இரவுகளில் ஓபரா நிகழ்த்துகின்றனர். அங்கே பாடகர் பாடுவார்; ஆடுவதற்குத் தனிக் குழுவினர் உண்டு. கூத்திலோ நடிகரே பாட வேண்டும், ஆட வேண்டும், வசனமும் பேச வேண்டும். தோளிலும் மார்பிலும் தலையிலும் கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக்கட்டை அணிகலன்களைச் சுமந்துகொண்டு சுழன்றாடியபடியே உச்ச குரலில் பாடுவது எளிதன்று. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு பின்பாட்டுக்காரர்கள் துணைநிற்பர்.

தில்லி அரங்குகளுக்கு வரும் கூத்து பெரும்பாலும் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அதைக் கண்டு கூத்தை அறிந்துவிட்டதாக எண்ணுதல் தகாது. துரியோதனன் திரைக்குப் பின்னே நின்று பாடுவான். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும். கட்டியங்காரன் அரசனையே கேலி செய்வான். நெடுநேரம் கழித்தே திரை விலகும். அந்தக் காத்திருப்பில்தான் அரசனின் செருக்கு நம் மனத்தில் வளர்கிறது. திரௌபதி துகிலுரிதலில், துச்சாதனனாக நடிப்பவர் கற்பூரம் ஏற்றி வணங்கிய பின்னரே சேலையைத் தொடுவார். பார்த்திருக்கும் பெண்கள் கைகூப்புவர். அங்கே நடிப்புக்கும் வழிபாட்டுக்கும் இடையே கோடு கிழிக்க இயலாது.

இக்கலையைத் தொழிலாகக் கொண்டோர் நிலை என்ன? ஏறத்தாழப் பதினைந்து பேர் கொண்ட குழுவை ஊரார் வெற்றிலை பாக்கும் முன்பணமும் கொடுத்து ஒப்பந்தம் செய்வர். பருவம் முழுவதும் இரவெல்லாம் ஆட்டம், பகலில் உறக்கம், பின் அடுத்த ஊர். மழைக்காலத்தில் அழைப்பு அருகிவிடும். இறந்தோர்க்குரிய சடங்கில் ஆடப்பெறும் ‘கர்ணமோட்சம்’ போன்றவை அப்போது ஓரளவு கைகொடுக்கும். இன்று கூத்து இரவுகளைக் குறைத்து மெல்லிசை நிகழ்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் ஊர்களும் உள. ஓர் ஊரில் ஓரிரவு குறைந்தால் ஒரு குழுவின் ஒரு நாள் கூலி போயிற்று. அவ்விரவுக்குரிய கதையைக் காணாமலே அவ்வூர்க் குழந்தைகளும் வளர்வர். பின்னது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

எனினும் கலை ஓய்ந்துவிடவில்லை. 1990இல் காஞ்சிபுரத்தில் பெ. இராசகோபால் முதலிய கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். ஆண்களே பெண்வேடமும் புனைந்த இக்கலையில் அங்குப் பெண்பிள்ளைகளும் பயிற்சி பெற்று மேடையேறினர். செய்யாற்றை அடுத்த புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வருவது.

சொற்பொருள்
பிரசங்கம் – கதை விரிவுரை
வரி – இங்கு, விழாவுக்காக ஊரார் தரும் பங்குத்தொகை
கட்டியங்காரன் – கூத்தை அறிவித்து நடத்தும் நகைச்சுவைப் பாத்திரம்
அருகுதல் – குறைதல்

பயிற்சி
1. பாரதக் கூத்து கோடையில் நடைபெறுவதற்குரிய காரணங்களை எழுதுக.
2. ஓபராப் பாடகருக்கும் கூத்து நடிகருக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ‘அந்தக் காத்திருப்பில்தான்’ – இத்தொடர் எதனைச் சுட்டுகிறது?
4. பிரித்து எழுதுக: திறந்தவெளி, பட்டப்பகல், மரக்கட்டை.
5. உம் பாட்டி அல்லது தாத்தா தம் ஊரில் கண்ட கூத்து ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. அது எம்மாதத்தில் நடந்தது என்பதையும் குறிப்பிடுக.