காந்தாத் தையல்

பவானிபூரில் வாழும் நாம் துணிக்கடைகளில் காந்தாப் புடவைகளைக் காண்கிறோம். முற்காலத்தில் காந்தா என்பது பழந்துணியால் ஆன போர்வையே. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக விரித்து, வங்கத்துப் பெண்கள் ஓட்டத் தையலால் இணைத்தனர். வண்ண நூலும் பெரும்பாலும் விலைக்கு வாங்கியதன்று; பழைய புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்ததே!

வீட்டுவேலை ஓய்ந்த பிற்பகலே அவர்களுக்குக் கிடைத்த நேரம். ஆதலால் பெரிய போர்வை முடியப் பல மாதங்கள் ஆகும். சிலவற்றுக்கு ஆண்டுகளும் ஆயின. குளிர்காலப் போர்வையாகிய 'லேப்' தரையில் விரித்துத் தைக்க வேண்டியது. தலையணை உறை, புத்தகங்களைப் பொதியும் 'பைத்தன்', சிறு சதுரமான 'ருமால்' ஆகியவையோ மடியிலேயே அடங்கும். பெரியது மெல்ல வளர்கையில் சிறியவற்றையும் உடன் தைக்கலாம். சிறியது ஒன்று முடிந்த மகிழ்ச்சி, பெரியதைத் தொடரத் தூண்டும். ஆனால், பூவின் பாதியில் ஊசியை நிறுத்திவிட்டு வேறொன்றை எடுத்தல் நன்றன்று. மீண்டும் தொடரும்போது நூலின் இறுக்கம் மாறக்கூடும். தாமரையோ மீனோ, தொடங்கிய உருவை முடித்தபின் மடித்து வைத்தலே நலம்.

குருசதய் தத் (1882–1941) ஊர்தோறும் திரட்டிய காந்தாக்கள், நம் நகரின் தெற்கேயுள்ள ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று, மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்காகத் தைத்தது. அச்செய்தியை அவர் துணியிலேயே ஊசியால் எழுதியுள்ளார்.

சொற்பொருள்: நைந்த – இற்றுப்போன, கரை – புடவையின் ஓரம்.

செயல்: உங்கள் வீட்டில் பழைய புடவைகள் என்னவாகின்றன? பாட்டியிடமோ தாயிடமோ கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.