சாணி வண்டு எந்தப் பக்கம் போகும்?

அன்புள்ள முகிலனுக்கு,

பிளஸ் ஒன்னில் படித்த பேயீஸ் தேற்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழுதான போல்ட் எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலையே இல்லையா என்று. இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சாணி வண்டுகளை வைத்துச் சொல்கிறேன்.

சாணக் குவியலில் கொஞ்சம் பிய்த்து உருண்டை பிடித்ததும் இந்த வண்டுக்கு ஒரே அவசரம்தான். வேறொரு வண்டு வந்து பிடுங்குவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வளைந்து வளைந்து போனால் குவியலுக்கே திரும்பிவிடும். ஆகவே உருண்டைமேல் ஏறி ஒரு சுற்று சுற்றி, வானத்தைப் பார்த்துக்கொண்டு, பின்னங்கால்களால் தள்ளியபடி நேர்கோட்டில் ஓடுகிறது. பகலில் சூரியன் வழிகாட்டும், இரவில் நிலா. நிலா இல்லாவிட்டால் பால்வீதியே போதும் என்று மேரி டாக்கேயும் அவருடைய சகாக்களும் 2013இல் காட்டினார்கள். வண்டின் தலையில் அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தார்கள். ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள்ளும் உருட்டவிட்டார்கள். (தொப்பியின் தொந்தரவால்தான் தடுமாறியதோ என்று நீ கேட்பாய். ஒளி புகும் பிளாஸ்டிக் தொப்பி போட்டவை ஒழுங்காகவே போயின.)

இத்தகைய சோதனைகளில் வட்டமான களத்தின் நடுவில் வண்டை விட்டு, விளிம்பை எந்தக் கோணத்தில் தாண்டுகிறது என்று குறிப்பார்கள். பிறகு மறுபடி நடுவில் விடுவார்கள். ஒரு வண்டு முதலில் 350 பாகையிலும் அடுத்து 10 பாகையிலும் வெளியேறியது என்று வைத்துக்கொள். கூட்டி இரண்டால் வகுத்தால் 180. நேர் எதிர்த்திசை! ஆகவே ஒவ்வொரு ஓட்டத்தையும் ஓரலகு வெக்டராக எடுத்துக் கூட்டி, ஓட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடையின் திசைதான் சராசரித் திசை. நீளம் ஒழுங்கின் அளவு. இங்கே திசை 0 பாகை, நீளம் 0.98. எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறினால் நீளம் 0 ஆகிவிடும்.

வலசைப் பறவைகள் என்றால் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் போகப் பார்க்கும். மொத்தமாகச் சேர்த்து, இந்தத் திசைகள் தற்செயலா இல்லையா என்று ராலே சோதனையில் கேட்டுவிடலாம். சாணி வண்டிடம் அது பலிக்காது. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு திசை எடுக்கும். சேர்த்துப் பார்த்தால் வட்டம் முழுக்கச் சிதறல்தான் தெரியும், தனித்தனியே ஒவ்வொன்றும் நேராக ஓடியிருந்தாலும்கூட. சரி, தனித்தனியாகவே பார்ப்போம் என்றால் ஒரு வண்டுக்கு ஐந்தாறு ஓட்டம்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை உருட்டினாலே நீளம் சராசரியாகச் சுமார் 0.4 வந்துவிடும். அப்படியிருக்க 0.5 வந்த வண்டை என்னவென்று சொல்வது?

பேயீஸ் வழி இங்கேதான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு வண்டுக்கும் ஒரு திசை, ஒரு கப்பா. வட்டத்துக்கான இயல்நிலைப் பரவல் போன்ற ஃபான் மிசஸ் பரவலில், செறிவைச் சொல்லும் எண்தான் கப்பா. திசைகளை அவற்றின் போக்கில் விட்டுவிடு. கப்பாக்கள் மட்டும் ஒரே இனத்தின் பொதுவான பரவலிலிருந்து வந்தவை என்று கொள். அந்தப் பரவலையும் தரவிலிருந்தே கணிக்க வேண்டும். அப்போது ஐந்தே ஓட்டம் ஓடிய வண்டின் மதிப்பு கூட்டத்தின் பக்கம் இழுபடும்; ஐம்பது ஓடியது தன் சொந்தக் காலில் நிற்கும். ஆம், இல்லை என்ற தீர்ப்பு வராது. தொப்பி மாட்டினால் கப்பா எவ்வளவு குறைகிறது, எந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்று முழுப் பரவலாகக் கிடைக்கும். என் கணக்கில் இதுதான் உயிரியலாளர் உண்மையில் கேட்க நினைத்த கேள்வி.

ஒரு பொறி இருக்கிறது. எதையும் முன்கூட்டி நம்பாமல் நடுநிலையாக இருக்கிறேன் என்று, 0 முதல் 100 வரை எல்லாக் கப்பாவுக்கும் சம வாய்ப்புக் கொடுக்கத் தோன்றும். கப்பா 10 ஆனாலே நீளம் ஏறக்குறைய 0.95. ஆக, ஒரு வண்டைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே, பத்தில் ஒன்பது பங்கு நம்பிக்கையை அம்பு மாதிரி ஓடும் வண்டுகளுக்குக் கொடுத்துவிட்டாய்! தரவு குறைவாக இருக்கும்போது இது விடையையே சாய்த்துவிடும். தரவைப் பார்ப்பதற்கு முன் இப்படிக் கொடுக்கும் நம்பிக்கைக்குத்தான் முன்பரவல் என்று பெயர். அதை எழுதியதும் அதிலிருந்தே கணினியில் நூறு வண்டுகளை உருட்டி, நீளங்களை வரைந்து பார். லீவில் வரும்போது அந்தப் படத்தைக் கொண்டு வா, ஃபான் மிசஸ் சூத்திரத்தை உட்கார்ந்து போடலாம்.

அன்புடன்,
அத்தை