முதல் குண்டு மட்டும் ஏன் மேலே போகிறது?

ஏர் ரைபிள் என்றதும் நம்மில் பலருக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்தான் ஞாபகம் வரும். எட்டு மாதக் கர்ப்பிணியாக நம் நூர் சுர்யானி முகமட் தாயிபி 10 மீட்டர் பிரிவில் போய் நின்றாரே, அதே விளையாட்டுதான். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, எடை அரை கிராம் சொச்சம். வேகம் நொடிக்குச் சுமார் 172 மீட்டர். இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்!

எங்கள் பல்கலைக்கழகக் குழுவில் ஒரு ஜூனியர் தங்கச்சி இருக்கிறாள். பயிற்சிக்கு வரும் நாளெல்லாம் அவளுடைய முதல் குண்டு மட்டும் கொஞ்சம் மேலே போகும், அடுத்தவை சரியாக விழும். தனக்கு மூச்சுக் கட்டுப்பாடே வரவில்லை என்று அவளே முடிவுகட்டி, "விட்டுடலாமா அண்ணா?" என்று கேட்டாள். மூச்சைக் குறை சொல்வதற்கு முன்னால் துப்பாக்கிக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் விசாரிப்போமே என்றேன்.

உள்ளே நடப்பது இதுதான். சிலிண்டரில் 200 பார் வரை காற்று அடைத்திருக்கும். சுடச் சுட அது குறைந்துகொண்டே போகும். அதை அப்படியே குண்டின் மேல் விட்டால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். அதனால்தான் நடுவில் ரெகுலேட்டர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. அந்த அறையில் அழுத்தம், உதாரணமாக, 70 பார் ஆனதும் ரெகுலேட்டர் மூடிக்கொள்ளும். விசையை இழுத்தால் அந்த அறைக் காற்றுதான் குண்டைத் தள்ளும்.

சரி, வெயில் ஏறினால் என்ன ஆகும்? "சூடான காற்று விரியும், குண்டு வேகமாகப் போகும்" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அழுத்தமும் அறையின் கொள்ளளவும் மாறாவிட்டால், விரியும் காற்று செய்யும் வேலை ஏறத்தாழ அதேதான்; வெப்பநிலை அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே வராது. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், அது தன்னையும் சேர்த்துத் தள்ள வேண்டும் என்பதால் ஒரு சின்ன வித்தியாசம் வரும். நான் தோராயமாகப் போட்ட கணக்கில், 15 பாகை மாற்றத்துக்கு நொடிக்கு அரை மீட்டர் அளவுதான். பழைய கரியமில வாயு துப்பாக்கிகளின் கதையே வேறு. அதில் இருப்பது திரவம். 20 பாகையில் 57 பார், 30 பாகையில் 72 பார். வெயிலுக்கு வெயில் ஆட்டம் மாறும்.

அப்படியென்றால் தங்கச்சியின் முதல் குண்டு? ரெகுலேட்டர் ஒருவழிக் கதவு மாதிரி. அறையில் காற்று குறைந்தால் உள்ளே விடத் தெரியும். கூடிவிட்டால் வெளியே விடத் தெரியாது. துப்பாக்கிகள் இரவெல்லாம் ஏர்கோன் அறையில் 20 பாகையில் இருக்கின்றன. சுடும் திடலோ திறந்தவெளி, 33 பாகை. நேற்று மூடிய அறையில் அகப்பட்ட காற்று அங்கே வந்து சூடாகிறது. எஸ்.பி.எம். இயற்பியலில் படித்த அதே விதிதான்: கொள்ளளவு மாறாதபோது அழுத்தம் கெல்வின் வெப்பநிலையோடு ஏறும். 293-லிருந்து 306 என்றால் 4.4 விழுக்காடு. 70 பார் 73 ஆகிவிடும்.

வேலை அழுத்தத்தோடு ஏறும், வேகம் அதன் வர்க்கமூலத்தோடு ஏறும். ஆக, சுமார் 2 விழுக்காடு கூடுதல் வேகம். 10 மீட்டர் போவதற்குள் குண்டு ஏறக்குறைய 16.6 மில்லிமீட்டர் கீழே விழும். வேகம் கூடினால் 15.9 மட்டுமே. 0.7 மில்லிமீட்டர் எல்லாம் ஒரு விஷயமா என்று கேட்காதீர்கள். தகுதிச் சுற்றில் தசமப் புள்ளிதான், 0.1 புள்ளிக்கு 0.25 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட மூன்று தசமம் ஒரே குண்டில் போய்விடும். முதல் குண்டு போனதும் அறை காலியாகி, ரெகுலேட்டர் புதிதாக 70 பாரில் நிரப்பும். இரண்டாவது குண்டிலிருந்து எல்லாம் ஒழுங்கு. எதிர்த்திசையில், வெயிலிலிருந்து ஏர்கோனுக்குக் கொண்டுபோனால் இந்தத் தொல்லையே இல்லை. அறையில் அழுத்தம் குறையும், ரெகுலேட்டர் நிரப்பிவிடும், அவ்வளவுதான்.

தங்கச்சியிடம் சொன்னது இரண்டே காரியம். அரை மணி நேரம் முன்னதாகத் துப்பாக்கியைத் திடலில் வை. பயிற்றுநரிடம் கேட்டுக்கொண்டு, குண்டு போடாமல் ஒரு முறை காற்றை விடு. அடுத்த வாரம் அவளுடைய முதல் குண்டு மற்றவற்றோடு போய் உட்கார்ந்துகொண்டது. போட்டியிலும் தகுதிச் சுற்றுக்கு முன் 15 நிமிடம் ஒத்திகைச் சூட்டுக்குக் கொடுப்பார்கள். அந்தக் கூடுதல் அழுத்தத்தை அங்கேயே கழித்துவிடலாம். முதல் குண்டைப் பார்த்துவிட்டுக் குறிக்கருவியைத் திருகாதீர்கள். திருகினால் அடுத்ததெல்லாம் கீழே விழும்.

எல்லாத் துப்பாக்கியும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் அறை அழுத்தம் கூடினால் சுத்தியல் வால்வைக் குறைவாகத் திறக்கும். வேகம் அப்படியே நிற்கலாம், குறையவும் கூடும். உங்கள் கிளப்பில் வேகமானி இருந்தால், ஏர்கோனிலிருந்து எடுத்து வந்து திடலில் காத்திருந்து பத்துக் குண்டு சுட்டு எழுதிவையுங்கள். என் கணக்கைவிட அந்தத் தாள் நம்பகமானது.

இன்னொன்று. நம் நாட்டில் ஏர் ரைபிளும் ஆயுதச் சட்டத்துக்குள்தான் வருகிறது. உரிமம் உள்ள கிளப், பயிற்றுநர் மேற்பார்வை, இது இல்லாமல் தொடவே கூடாது. சிலிண்டரைக் காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். 20 பாகையில் 200 பார் நிரப்பியது 60 பாகையில் 227 பார் ஆகும், சிலிண்டருக்கு முன்னால் காவலுக்கு ரெகுலேட்டர் எதுவும் கிடையாது.