பழைய ஆம்னி வேனில் எண்ணெய்க் கசிவு

1984இல் மாருதி வேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் பெற்று, 2019இல் உற்பத்தி நின்றுபோன வண்டிகள் இன்னும் அநேக கிராமங்களில் காய்கறியும் நாற்றும் பால் கேன்களும் ஏற்றிச் செல்லுகின்றன. இவற்றை வைத்திருப்போர் சொல்லும் குறைகளில் முக்கியமானது, இரவில் வண்டி நின்ற இடத்தில் காலையில் காணப்படும் கறுப்பு எண்ணெயாகும். மூன்று ஸிலிண்டர் கொண்ட இச்சிறு இஞ்சினில் கொள்ளும் எண்ணெய் சுமார் 3 லிட்டரே. ஆகையால் 1 லிட்டர் ஒழுகினால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. எண்ணெய் விளக்கு எரிவது அழுத்தம் விழுந்த பிறகே. அதற்குள் பேரிங்குகள் கெட்டிருக்கலாம்.

எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசிந்த எண்ணெய் இஞ்சினின் பக்கங்களில் வழிந்து, ஓட்டத்தின் காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கீழே ஏதோ ஒரு மூலையில் சொட்டும். இதையறியாமல் சொட்டுமிடத்திலுள்ள பாகத்தை மாற்றிப் பணத்தை விரயம் செய்வோர் பலர்.

இஞ்சின் நன்றாக ஆறியபின், முன் ஆசனங்களைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரின் வாயையும் பாலிதீன் தாளால் மூடி, மண்ணெண்ணெய் தோய்ந்த பிரஷ்ஷினால் அழுக்கைப் போக்க வேண்டும். கழுவிய எண்ணெய் கிணற்றிலோ வாய்க்காலிலோ சேரலாகாது. நன்கு உலர்த்தி, மண்ணெண்ணெய் வாடை நீங்கிய பிறகே இஞ்சினை ஓட்டுதல் வேண்டும். பின்பு முகப் பவுடரை மெல்லத் தூவி, 10 கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் விளக்கினால் பார்க்கவும். பவுடர் நனைந்துள்ள இடங்களுள் எது மிகவும் உயரத்தில் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே கசிவின் பிறப்பிடம்.

பாகம் எதையும் வாங்குமுன் டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தல் நலம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயு வெளியேறும் வழி இது. எண்ணெய்ச் சேறு இதனை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். குழாய் சுத்தமாயிருந்தும் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால் வளையங்கள் தேய்ந்துள்ளன. அந்நிலையில் புது சீல்கள் நெடுநாள் தாங்கா.

சாதாரணமாகக் கசிவது டேப்பட் கவர் பாக்கிங்கே. உஷ்ணத்தால் இறுகிய ரப்பரை மாற்றுவதே பரிகாரம். போல்ட்டை மேலும் முறுக்கினால் கவர்தான் வளையும்.

கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது, இஞ்சின் தலையின் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் பொருந்தியுள்ள டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங். அங்கே கசியும் எண்ணெய் நேரே கிளட்ச் கூட்டின்மேல் இறங்குவதால், கிராங்க் தண்டின் பின்சீல் போய்விட்டதாகவே தோன்றும். பின்சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; ஓ-ரிங்கோ அற்ப விலையுள்ள ரப்பர் வளையம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுமுன் அது நிற்கும் நிலையைக் கீறிக் குறித்துக்கொள்ளாவிட்டால், தீப்பொறியின் நேரம் தவறிவிடும். மேலெல்லாம் உலர்ந்திருந்து, கிளட்ச் கூட்டின் அடியில் மட்டும் இஞ்சின் எண்ணெய் சொட்டி, கிளட்சும் நழுவினால் பின்சீலைச் சந்தேகிக்கலாம். அங்கே சொட்டுவது கந்தக நெடியுள்ள எண்ணெயானால் குற்றம் கியர்பாக்ஸைச் சேர்ந்தது.

முன்பக்கத்து சீல்கள் கசிந்தால் டைமிங் பெல்ட் எண்ணெயில் ஊறி அறுந்துபோகக்கூடும். சீலுடன் பெல்ட்டையும் மாற்றுவதே சிக்கனம். வடிகால் போல்ட்டின் வாஷர், பில்டரின் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு நிற்றல் ஆகியவற்றை எண்ணெய் மாற்றும்போதே பார்த்துவிடலாம்.

தடித்த எண்ணெயை ஊற்றிக் கசிவை அடக்குவதாகச் சிலர் கூறுவர். சில நாள் குறைந்தாற்போல் தோன்றும். ஆனால் குளிர்ந்த காலையில் அவ்வெண்ணெய் மேலேறத் தாமதித்து இஞ்சின் தேயும். பசையை அதிகமாக அப்புவதும் கெடுதல். உள்ளே பிதுங்கிய துண்டுகள் எண்ணெய் வடிகட்டும் வலையை அடைக்கும்.

ஓரிரு சொட்டு மாத்திரமானால், வாரந்தோறும் சமதரையில் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு அறுவடை முடியும்வரை ஒத்திப்போடலாம். புகைக்குழாயின்மேல் ஒழுகினாலோ, டைமிங் பெல்ட் நனைந்தாலோ வண்டியைச் சந்தைக்குக்கூட எடுக்கலாகாது. பழுது பார்த்தபின் நான்கைந்து இரவுகள் இஞ்சினுக்கடியில் பழைய அட்டையை விரித்து, கறை விழுகிறதா என்று பார்க்கவும்.