கத்திரி வெயிலுக்கு எனர்ஜி டிரிங்க் வேண்டாம்

மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்குவதற்குள் வீட்டிலும் வேலையிடத்திலும் ஓர் ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். வெயிலில் களைத்து வருகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் நீர்மோரோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். எனர்ஜி டிரிங்க் வேண்டாம். இருபது ரூபாய் பாட்டிலாகப் பெட்டிக்கடை வரைக்கும் அது வந்துவிட்டதால், கட்டட வேலை செய்பவர்களும் டெலிவரி இளைஞர்களும் விடுமுறையில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும் தாகத்துக்கே அதைக் குடிக்கிறார்கள். தாகத்துக்கு அது ஏற்ற பானம் அல்ல.

வியர்வையில் நாம் இழப்பது தண்ணீரும் உப்பும். அப்போது வரும் சோர்வு, தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம் வேலையை நிறுத்து, நிழலுக்குப் போ, தண்ணீர் குடி என்று உடல் சொல்லும் எச்சரிக்கைகள். காஃபீன் அந்த இழப்பில் எதையும் ஈடுகட்டுவதில்லை. மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் ஒட்ட வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியே இருக்க, அதை உணர்வது மட்டும் குறைகிறது. நிழலில் ஒதுங்கியிருக்க வேண்டியவர், தெம்பு வந்துவிட்டதாக நம்பி இன்னும் ஒரு மணி நேரம் செங்கல் சுமப்பார். 40 டிகிரி வெயிலில் ஆபத்தே அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

சர்க்கரையாவது தெம்பு தராதா என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு. சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே போகும், தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து போகும். அதற்குத்தான் இந்த அளவு. கடையில் விற்கும் 250 மி.லி. எனர்ஜி டிரிங்க் டின் சிலவற்றில் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. லிட்டர் கணக்கில் ஓ.ஆர்.எஸ்ஸில் உள்ளதைப் போல எட்டு மடங்கு. இவ்வளவு சர்க்கரை கலந்த திரவம் இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். உடம்புக்குத் தண்ணீர் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் அது தாமதமாகிறது. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே டின் அதைத் தாண்டிவிடுகிறது.

காபியிலும் காஃபீன் இருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. 150 மி.லி. டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை உண்டு என்கிறது ஐ.சி.எம்.ஆரின் உணவு வழிகாட்டி. எனர்ஜி டிரிங்குக்கு நம் நாட்டில் விதித்த வரம்பு லிட்டருக்கு 300 மில்லிகிராம்; அதன்படி 250 மி.லி.யில் 75 வரை. ஆகவே பெரியவர் ஒருவருக்குக் காஃபீன் அளவில் காபி ஒன்றும் மேலானதல்ல, வெயில் தாகத்துக்குக் காபியும் மருந்தல்ல. ஆனால் சூடான காபியை யாரும் மடமடவென்று குடிப்பதில்லை, பத்து வயதுப் பிள்ளை கடையில் நின்று வாங்குவதும் இல்லை. பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு எல்லை வகுத்திருக்கிறது. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு டின்னிலேயே அன்றைய எல்லை முடிந்துவிடும். சர்க்கரை இல்லாத வகையை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று லேபிளிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் திருப்பிப் படியுங்கள். இரவு லாரி ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் ஏறக்குறைய பாதிக் காஃபீன் உடலில் இருக்கும், மறுநாள் பகல் தூக்கத்தை அதுவே கெடுக்கும். கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் படுப்பதுதான் வழி.

சரி, எதைக் குடிப்பது? இளநீர் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. அதில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும் சோடியம் குறைவு. நாள் முழுக்க வியர்ப்பவருக்கு அது மட்டும் போதாது. இருபது ரூபாய்க்கு வாங்கும் தயிரில் தண்ணீரைத் தாராளமாக விட்டுக் கடைந்து, உப்பும் தட்டிய இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டால் நான்கு பேருக்கு நீர்மோர் ஆகும். காலையில் நீராகாரமோ கம்மங்கூழோ மோர் கலந்து குடித்துவிட்டு வேலைக்குப் போங்கள். பானகத்தில் வெல்லம் இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் அதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீருக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கூடுதல் உப்புக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும். பாக்கெட்டில் குறித்துள்ள அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

தோல் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் எந்தப் பானத்தையும் வாயில் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பள்ளிப் பிள்ளைகள் வந்து கேட்டால், இந்தக் கோடை முழுக்க அந்த பாட்டிலை எடுத்துக் கொடுக்காதீர்கள்.